நோய்க்குச் சாட்சி சொன்ன விலங்குகள்



கொல்லிமலையில் குண்டனி நாடு என்பது நான் பிறந்து வளர்ந்த இடம். தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மீண்டும் வந்து குடியமர்ந்ததும் அங்கேதான். சமவெளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறி எங்கள் மலையை அடையலாம். 2021-ஆம் ஆண்டில் கொரோனா நோய் அந்த வளைவுகள் அத்தனையையும் கடந்து மேலே வந்தது. அதன் பின்னாலேயே தடுப்பூசியும் வந்தது.

ஊசி போட வந்த செவிலியருக்குத் துணையாக நானும் சில வீடுகளுக்குச் சென்றேன். ஒரு வீட்டில், சாமை புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாத்தியாரே, இந்த ஊசியை முதலில் குரங்குக்குப் போட்டுப் பார்த்தார்களாமே! குரங்குக்குப் போட்டதை வைத்து எனக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். அருகில் நின்ற அவருடைய பேத்தி, எட்டாம் வகுப்பு மாணவி, வேறொரு கேள்வியைக் கேட்டாள். "ஐயா, அந்தக் குரங்கு என்ன பாவம் செய்தது?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய நான் அன்று தடுமாறினேன். "பெரியவர்கள் ஆராய்ந்துதான் அனுப்பியிருக்கிறார்கள்" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அது விடையாகாது என்பதை அந்தச் சிறுமியின் முகமே காட்டிற்று. அன்று சொல்லத் தவறிய விடையை இன்று இந்த வானொலியின் வாயிலாகச் சொல்ல முற்படுகிறேன். அது ஓர் அறிவியல் விளக்கம் மட்டுமன்று, நூறாண்டு வரலாறு. அந்த வரலாறு 1918-ஆம் ஆண்டில் தொடங்குகிறது.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், ஃபுளூ என்று நாம் சுருக்கமாக அழைக்கும் இன்புளுயென்சா காய்ச்சல் உலகெங்கும் பரவியது. 1918 ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக அது இந்தியாவில் புகுந்தது. முதல் அலை மெதுவாகச் சென்றது. செப்டம்பர் மாதத்தில் எழுந்த இரண்டாம் அலையோ ஊர் ஊராக மக்களைச் சாய்த்தது. நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கணக்கு. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-இல் 25 கோடியே 20 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1921-இல் 25 கோடியே 13 லட்சமாகக் குறைந்தது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றிலேயே குறைவைக் காட்டிய பத்தாண்டு அது ஒன்றுதான்.

இத்தனை உயிர்களைக் கொண்டுபோன நோய்க்குக் காரணம் யாது? அன்றைய மருத்துவ உலகம் அதனை அறியவில்லை. ஜெர்மானிய அறிஞர் பைஃபர் என்பவர் 1892-இல் நோயாளிகளின் சளியில் கண்ட ஒரு பாக்டீரியாவே காரணம் என்று பெரும்பாலோர் நம்பினர். ஆனால் அந்தப் பாக்டீரியா சில நோயாளிகளிடம் காணப்பட்டது, பலரிடம் காணப்படவில்லை. உண்மையை அறிய ஒரே வழிதான் இருந்தது. நோயாளியின் சளியை எடுத்து நோயில்லாத ஓர் உயிரிடம் செலுத்தி, அதே நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த உயிரிடம் செலுத்துவது? முயலும் சுண்டெலியும் சீமைப்பெருச்சாளியும் பயன்படவில்லை. எனவே மனிதரிடமே செலுத்திப் பார்த்தார்கள்!

அமெரிக்காவில் பாஸ்டன், சான்பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களில் 1918-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தச் சோதனைகள் தொடங்கின. பாஸ்டனில் அதற்கு உடன்பட்டவர்கள் கடற்படைச் சிறையில் தண்டனை அனுபவித்துவந்த இளைஞர்கள். மன்னிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் முன்வந்தவர்கள். நோயாளிகளின் மூக்குநீரையும் சளியையும் அவர்கள் மூக்கிலும் தொண்டையிலும் தெளித்தார்கள். நோயாளிகளின் முகத்துக்கு நேரே அவர்களை நிறுத்தி, நோயாளிகளை இருமச் செய்தார்கள். எதிர்பார்த்த நோய் எவருக்கும் வரவில்லை. ஒருவேளை அவர்களுள் பலர் முன்பே நோய்ப்பட்டுத் தேறியவர்களாக இருக்கலாம். உலகில் கோடிக்கணக்கானோர் மாண்டபோது, ஆராய்ச்சிக் கூடத்தில் ஒருவருக்குக்கூட நோயை வரவழைக்க முடியவில்லை. இன்புளுயென்சா ஒரு கொலையாளி. ஆனால் அதற்கெதிராகச் சாட்சி சொல்ல ஓர் உயிர் கிடைக்கவில்லை.

அந்தச் சாட்சி முதலில் ஒரு பன்றிக் கொட்டிலில் கிடைத்தது. 1918-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பண்ணைகளில் பன்றிகள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் வீழ்ந்தன. அவற்றுக்கு இருமல், மூச்சுத்திணறல், மூக்கொழுகல் எல்லாம் கண்டன. கோயன் என்ற கால்நடை மருத்துவர், 'மனிதருக்கு வந்த ஃபுளூவே பன்றிகளுக்கும் வந்திருக்கிறது' என்று துணிந்து சொன்னார். பன்றி வணிகர்கள் சினந்தார்கள். விற்பனை கெட்டுவிடும் என்று அஞ்சினார்கள். கோயன் தம் கருத்தினின்று மாறவில்லை.

அதே அயோவாவில் பிறந்தவர் ரிச்சர்டு ஷோப். அவர் பின்னாளில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். நோயுற்ற பன்றிகளின் சளியை, பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரில் பாக்டீரியா ஒன்றும் இல்லை. எனினும் அது நல்ல பன்றிகளுக்கு நோயை உண்டாக்கிற்று. ஆகவே வடிகட்டியைக் கடந்து செல்லக்கூடிய ஏதோ ஒன்று, அதாவது வைரஸ், அந்நீரில் இருந்தது தெளிவாயிற்று. 1931-இல் ஷோப் இதை வெளியிட்டார். பன்றிக்கு இதுவென்றால் மனிதனுக்கும் இதுதானா என்ற கேள்வி உடனே எழுந்தது.

அதற்கு விடை லண்டன் நகரை அடுத்த மில்ஹில் என்ற இடத்தில் கிடைத்தது. அங்கே பிரிட்டனின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு பண்ணை ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கு நாய்களைக் கொல்லும் 'டிஸ்டம்பர்' என்ற நோயைப் பற்றி பேட்ரிக் லெயிட்லா என்பவர் ஆராய்ந்து வந்தார். அந்த நோய் ஃபெரட் என்ற சிறு விலங்குக்கும் வரும் என்பதால், அதனை அங்கே வளர்த்து வந்தார்கள். ஃபெரட் நம் நாட்டு விலங்கன்று. தோற்றத்தில் நம் கீரியை நினைவூட்டும். ஐரோப்பாவில் முயல் வேட்டைக்கென்று வீட்டில் வளர்த்தார்கள். நாய்களைக் காப்பதற்காக வளர்த்த அவ்விலங்கு மனித இனத்துக்கே உதவப்போகிறது என்பதை அப்போது எவரும் அறியார்.

1933-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லண்டனில் ஃபுளூ பரவியது. ஆய்வாளர் கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ் அவர்களுக்கே காய்ச்சல் கண்டது. அவர் தொண்டையைக் கொப்பளித்துத் துப்பிய நீரை வில்சன் ஸ்மித் என்பவர் வாங்கிச் சென்று, வடிகட்டி, ஃபெரட்டுகளின் மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார். இரண்டு நாட்கள் சென்றன. ஃபெரட்டுக்குக் காய்ச்சல் ஏறிற்று, மூக்கு ஒழுகிற்று, மனிதனைப் போலவே தும்மிற்று! நோயுற்ற ஃபெரட்டிடமிருந்து நல்ல ஃபெரட்டுக்கு நோய் தொற்றியது. தேறிய ஃபெரட்டுக்கு மறுமுறை வைரஸைச் செலுத்தியபோது நோய் வரவில்லை. அதன் குருதிநீர் வைரஸின் வலிமையை அழித்தது. நாற்பது ஆண்டுகளாக நிலவிய பாக்டீரியாக் கொள்கை சரிந்தது. இன்புளுயென்சா ஒரு வைரஸ் நோய் என்பது ஐயமற நிலைநாட்டப்பெற்றது.

ஆயினும் ஒருவர் கேட்கலாம்: 'ஃபெரட்டுக்கு வந்தது மனித நோயேதான் என்பதற்கு என்ன உறுதி?' அந்த உறுதியையும் ஃபெரட்டே தந்தது. 1936-இல் ஸ்டூவர்ட் ஹாரிஸ் என்ற இளம் மருத்துவர் நோயுற்ற ஃபெரட் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அது அவர் முகத்துக்கு எதிரே தும்மிவிட்டது. 45 மணி நேரத்தில் அவருக்கு ஃபுளூ காய்ச்சல் கண்டது. அவரிடமிருந்து அதே வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். மனிதனிடமிருந்து விலங்குக்கும், விலங்கிடமிருந்து மீண்டும் மனிதனுக்கும் சென்ற அந்த நோய், தன் அடையாளத்தைத் தானே காட்டிக்கொடுத்தது.

இங்கே வரலாற்று மாணவர்கள் கூர்ந்து கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கல்வெட்டைப் படித்து ஒரு மன்னனின் காலத்தைக் கணிப்பதுபோல, குருதியைப் படித்து ஒரு கொள்ளை நோயின் காலத்தையும் கணிக்கலாம். பல வயதினரின் குருதிநீரைப் பன்றி வைரஸுடன் கலந்து, ஷோப் சுண்டெலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். 12 வயதுக்கு மேற்பட்டவர்களின் குருதி அவ்வெலிகளைப் பெரும்பாலும் காத்தது. அதற்கு இளைய பிள்ளைகளின் குருதி காக்கவில்லை. அந்த ஆய்வு 1936-இல் வெளிவந்தது. கொள்ளை நோய்க் காலத்தில் வாழ்ந்தவர்கள் அதன் சுவட்டைத் தம் உடலில் தாங்கியிருந்தார்கள். பின்னர்ப் பிறந்தவர்களிடம் அச்சுவடு இல்லை. பன்றியிடம் தங்கிவிட்ட வைரஸ் 1918-ஆம் ஆண்டு வைரஸின் வழிவந்தது என்ற முடிவுக்கு அறிஞர்கள் இவ்வாறு வந்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து, 2005-இல், பழைய உடற்கூறுகளிலிருந்து அந்த வைரஸின் மரபமைப்பை முழுமையாகப் படித்தபோது இந்த உறவு மேலும் தெளிவாயிற்று.

விலங்கிலிருந்து அடுத்த அடி முட்டைக்குச் சென்றது. கருக்கொண்ட கோழிமுட்டையில் இன்புளுயென்சா வைரஸ் வளரும் என்பதை ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட் 1930-களின் நடுவில் காட்டினார். 1940-களில் முட்டையில் வளர்த்த வைரஸைக் கொன்று தடுப்பூசி செய்தார்கள். எங்கள் மலையடிவாரத்தில் இருக்கும் நாமக்கல், முட்டைக்குப் பெயர்பெற்ற ஊர். ஆயினும் தடுப்பூசிக்கு வேண்டிய முட்டை கடையில் வாங்கும் முட்டையன்று. நோயணுகாமல் காக்கப்பட்ட தனிக் கோழிக் கூட்டத்தின் கருமுட்டை. உலகில் இன்றும் ஃபுளூ தடுப்பூசியின் பெரும்பகுதி முட்டையில்தான் உருவாகிறது.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். கிண்டியில் 1899-இல் தொடங்கிய கிங் நிலையத்தில் கன்றுகளின் தோலில் அம்மைத் தடுப்புப்பால் வளர்த்தார்கள். குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றது. வெறிநாய்க் கடிக்கு மருந்து செய்வதே அதன் முதற்பணி. இந்தியா விடுதலை பெற்றபின் இன்புளுயென்சாவைக் கண்காணிக்கும் மையமும் அங்கே அமைந்தது. உலக சுகாதார நிறுவனம் 1952-இல் நாடுகளின் ஆய்வுக்கூடங்களை ஒரே வலையாகப் பின்னியது. ஃபெரட்டின் மூக்கில் முதன்முதலாகச் சென்ற வைரஸைத் தந்த அதே ஆண்ட்ரூஸ்தான், மில்ஹில்லில் இயங்கிய உலக இன்புளுயென்சா மையத்தை வழிநடத்தினார். நீலகிரியின் தேயிலைச் சரிவில் இருந்த கூடமும் அந்த வலையின் ஒரு கண்ணாயிற்று.

அந்தக் கண் விரைவிலேயே விழிக்க வேண்டி வந்தது. 1957-இல் சீனத்தில் தோன்றிய 'ஆசிய ஃபுளூ' ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் பரவி, மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பலின் மூலம் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. சில வாரங்களில் இந்தியா முழுவதும் பரவிவிட்டது. 1957 மே மாதம் முதல் 1958 பிப்ரவரி வரையில் 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகவும், ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் மாண்டதாகவும் அரசுக் கணக்கில் பதிவாயிற்று. உண்மைத் தொகை இதனினும் மிகுதியாகவே இருந்திருக்கும். குன்னூர் மையத்தைச் சேர்ந்த மேனன் அவர்கள் இந்த வரலாற்றை விரிவாக எழுதி, 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியிட்டார்.

1918-ஐயும் 1957-ஐயும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதில் எதிரியின் பெயரும் தெரியாது. பின்னதில் எதிரி யார், அதன் உறுப்புகளில் எவை மாறியிருக்கின்றன என்பதைச் சில வாரங்களில் உலகம் அறிந்தது. இதற்கு உதவிய கருவிகளுள் ஒன்று ஃபெரட்டின் குருதிநீர். ஒவ்வொரு வகை வைரஸையும் ஒரு ஃபெரட்டுக்குச் செலுத்தினால், அதன் குருதியில் அந்த வகையை மட்டும் நன்கறியும் எதிர்ப்பொருள் உண்டாகும். புதிய வைரஸை அக்குருதிநீர் அடையாளம் கண்டால் அது பழைய எதிரி. காணாவிட்டால் புதிய எதிரி. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, எந்த வகைக்குத் தடுப்பூசி செய்யலாம் என்று அறிவிக்கிறது. அந்த முடிவுக்கு இன்றும் ஃபெரட்டின் குருதி துணை நிற்கிறது.

இனி அந்த மூதாட்டியின் கேள்விக்கு வருகிறேன். விலங்குக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்குமா? 'எப்போதும் பலிக்கும்' என்று சொன்னால் அது பொய். 'பலிக்கவே பலிக்காது' என்று சொன்னாலும் பொய். எந்த விலங்கிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

வைரஸ் ஓர் உடலுக்குள் புக வேண்டுமானால், உயிரணுவின் மேற்பரப்பில் அது பற்றிக்கொள்ள ஒரு பிடி வேண்டும். ஃபெரட்டின் மூச்சுக்குழலில் உள்ள பிடிகள் நம்முடையவற்றைப் பெரிதும் ஒத்தவை. அதனாலேயே மனித ஃபுளூ அதற்கு எளிதில் தொற்றுகிறது. சுண்டெலியின் நிலை வேறு. மனித ஃபுளூவைப் பலமுறை எலியிலிருந்து எலிக்கு மாற்றிப் பழக்கினால்தான் பெரும்பாலான வகைகள் அதனிடம் கடும் நோயை உண்டாக்கும். அப்போதும் அது தும்முவதில்லை. ஆகவே மருந்து நுரையீரலைக் காக்கிறதா என்று எலியிடம் கேட்கலாம். நோய் காற்றில் பரவுமா என்று கேட்பதற்கு ஃபெரட்டே ஏற்றது. கணக்கு ஆசிரியரிடம் இலக்கணமும், இலக்கண ஆசிரியரிடம் கணக்கும் கேட்டுவிட்டு, இருவரும் அறிவிலிகள் என்று முடிவு கட்டலாகாது அன்றோ?

சாட்சியைச் சரியாக விசாரிக்காமையால் நேர்ந்த கொடுமை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸ் ஒன்று 1956-இல் கண்டறியப்பட்டது. அதுவும் முதலில் ஆய்வுக்கூடத்துச் சிம்பன்சிக் குரங்குகளின் சளியிலேதான் அகப்பட்டது. ஆர்.எஸ்.வி. என்பது அதன் சுருக்கப் பெயர். 1966-இல் அமெரிக்காவில் அந்த வைரஸைப் பார்மலின் மருந்தால் கொன்று செய்த தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். குளிர்காலத்தில் உண்மையான வைரஸ் வந்தது. ஒரு சோதனைக் குழுவில், ஊசி போட்டுக்கொண்டு தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் 80 சதவீதத்தினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஊசி போடாத குழந்தைகளில் அவ்வாறு சேர்க்கப்பட்டவர்கள் 5 சதவீதமே. ஊசி பெற்ற குழந்தைகளில் இருவர் இறந்தனர். காக்க வேண்டிய ஊசி நோயைக் கடுமையாக்கிவிட்டது.

ஏன் இவ்வாறு ஆயிற்று? இதை ஆராய ஏற்ற விலங்கு அன்று கையில் இல்லை. பின்னாளில் அமெரிக்காவின் பருத்தி எலி என்ற விலங்கு இந்த வைரஸுக்கு எளிதில் ஆளாகும் என்று கண்டனர். 1986-இல் அதே பழைய தடுப்பூசியை அந்த எலிக்குப் போட்டு, பிறகு வைரஸைச் செலுத்தினார்கள். குழந்தைகளுக்கு நேர்ந்ததைப் போன்ற நுரையீரல் அழற்சியே அதற்கும் நேர்ந்தது. இருபது ஆண்டு முன்னதாக அந்த எலியை விசாரித்திருந்தால் அக்குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு நல்ல தடுப்பூசிகள் 2023-இல்தான் ஒப்புதல் பெற்றன. ஒரு பிழையின் விலை ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காத்திருப்பு.

இந்தப் பாடம் 2020-இல் பயன்பட்டது. கொரோனா வைரஸ் வந்தவுடன் ஆய்வாளர்கள் கேட்ட முதற்கேள்வி, 'எந்த விலங்குக்கு இந்நோய் வரும்?' என்பதே. சாதாரணச் சுண்டெலிக்கு அது தொற்றவில்லை. வைரஸ் பற்றும் பிடி எலியிடம் வேறு வடிவில் இருந்தது. மனிதனின் பிடியை உடலில் ஏந்திய ஒருவகை எலியை, 2003-ஆம் ஆண்டுச் சார்ஸ் நோயை ஆராய்வதற்காக முன்பே உருவாக்கியிருந்தார்கள். அது மீண்டும் கைகொடுத்தது. வாலில்லாத எலிபோல் தோன்றும் சிரிய ஹாம்ஸ்டர் என்ற சிறு விலங்குக்கு அந்நோய் இயல்பாகவே வந்தது. ஹாங்காங்கில், நோயுற்ற ஹாம்ஸ்டர்களின் கூண்டுக்கும் நல்ல ஹாம்ஸ்டர்களின் கூண்டுக்கும் இடையே முகக்கவசத் துணியைத் திரையாகக் கட்டிப் பார்த்தார்கள், தொற்று குறைந்தது. நாம் முகத்தில் கட்டியதன் பயனை அச்சிறு பிராணிகள் எடுத்துக்காட்டின.

மருந்துகளின் கதையும் கேட்கத்தக்கது. மலேரியாவுக்குக் கொடுத்துவந்த மருந்தின் வகையான ஹைட்ராக்ஸி குளோரோகுயின், கண்ணாடிக் கலத்தில் வளர்த்த உயிரணுக்களில் கொரோனா வைரஸைத் தடுத்தது. உலகெங்கும் அம்மருந்துக்கு ஓட்டம் உண்டாயிற்று. நம் நாட்டிலும் மருத்துவப் பணியாளர்க்குக் காப்பாக அதனைப் பரிந்துரைத்தார்கள். ஆனால் ஹாம்ஸ்டர்களிடமும் குரங்குகளிடமும் கொடுத்துப் பார்த்தபோது அது வைரஸை அடக்கவில்லை. அதே 2020-இல் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடந்த பெருஞ்சோதனையும், அம்மருந்து உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்றே கூறிற்று. கலத்துக்குள் வெல்வது வேறு, உடலுக்குள் வெல்வது வேறு என்பதை விலங்குகள் உணர்த்தின.

நம் நாட்டில் கோவாக்சின் என்ற தடுப்பூசியைப் பாரத் பயோடெக் நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து உருவாக்கின. புனேயில் 1952-இல் தொடங்கப்பெற்ற வைரஸ் ஆராய்ச்சி நிலையம், இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம், அதனை ஹாம்ஸ்டர்களிடமும் ரீசஸ் குரங்குகளிடமும் சோதித்தது. ரீசஸ் என்பது வடநாட்டுச் செம்முகக் குரங்கு. எங்கள் ஆகாய கங்கை அருவியருகே பயணிகளின் பழத்தைப் பறிக்கும் குல்லாய்க் குரங்கு அன்று. ஊரடங்குக் காலத்தில் குரங்குகளைத் தேடி மகாராஷ்டிரக் காடுகளுக்குச் சென்றார்கள். 20 குரங்குகளை ஐந்தைந்தாக நான்கு பிரிவாக்கி, மூன்று பிரிவுக்குத் தடுப்பூசியும் ஒரு பிரிவுக்கு வெற்று ஊசியும் போட்டார்கள். பின்னர் எல்லாவற்றுக்கும் வைரஸைச் செலுத்தினார்கள். ஊசி பெற்ற குரங்குகளுக்கு நிமோனியா வரவில்லை. வைரஸ் விரைவில் மறைந்தது. 1966-இல் குழந்தைகளுக்கு நேர்ந்ததுபோல் நோய் கடுமையாகிறதா என்பதையும் கூர்ந்து நோக்கினார்கள், அவ்வாறு ஆகவில்லை. அவசரம் கருதி, மனிதரிடம் முதற்கட்டச் சோதனையும் ஏறக்குறைய அதே காலத்தில் தொடங்கியது. இறுதியாக, 25,800 தொண்டர்களிடம் பெருஞ்சோதனை நடந்தது.

ஆகவே அந்த மூதாட்டிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: "அம்மா, குரங்கு சொன்ன சாட்சியை மட்டும் நம்பி உங்களுக்கு ஊசி போட வரவில்லை. கலம் ஒன்று சொன்னது. ஹாம்ஸ்டர் ஒன்று சொன்னது. குரங்கு ஒன்று சொன்னது. பிறகு உங்களையும் என்னையும் போன்ற ஆயிரமாயிரம் மனிதர் தாமே முன்வந்து சாட்சி சொன்னார்கள். விலங்கின் சாட்சி முதற்படி. அது தவறென்று சொன்னால் அங்கேயே நிறுத்துவோம். சரியென்று சொன்னால் அடுத்த படிக்குச் செல்வோம்."

பேத்தியின் கேள்வி இதைவிடக் கடினமானது. அந்தக் குரங்கு ஒரு பாவமும் செய்யவில்லை. நாம் செய்த எதற்கோ அது ஈடு கொடுத்தது. இதை மழுப்பாமல் ஒப்புக்கொள்வதே அறிவியலுக்கும் அழகு, அறத்துக்கும் அழகு.

1950-களில் போலியோ தடுப்பு மருந்துக்கென்று நம் நாட்டுச் செம்முகக் குரங்குகள் ஆயிரமாயிரமாக வெளிநாட்டுக்குக் கப்பலேறின. 1978-இல் இந்தியா அந்த ஏற்றுமதியை முற்றிலும் நிறுத்தியது. சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரை நாட்டியத்தின் பொருட்டு நாம் அறிவோம். அவர் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்று, விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவரானார்.

அந்தச் சட்டம் உயிர்காக்கும் ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை. ஆயினும் அதற்கு வரம்பு கட்டிற்று. சிறு விலங்கு போதுமெனில் பெரிய விலங்கைத் தொடக் கூடாது. அறுவை செய்யுமிடத்து மயக்க மருந்து கொடுக்க வேண்டும். வெறும் கைப்பழக்கத்துக்காகச் சோதனை செய்யலாகாது என்பன போன்ற நெறிகள் அதில் உள்ளன. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற ஆங்கில அறிஞர் இருவர் மூன்று கட்டளைகளை வகுத்தனர். விலங்கின்றி முடியுமாயின் விலங்கைத் தவிர். முடியாதெனில் எண்ணிக்கையைக் குறை. அதிலும் நோவைத் தணி. மனித உயிரணுக்களைக் கொண்டு நுரையீரலின் சிறு படியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முறை இன்று முன்னேறி வருகிறது. 2023-இல் இந்திய அரசு புதுமருந்து விதிகளைத் திருத்தி, இத்தகைய முறைகளுக்கும் இடமளித்தது. ஆனால் ஓர் உயிர் எப்படி இருமுகிறது, எப்படித் தும்முகிறது, நோயை அடுத்த உயிருக்கு எப்படிக் கடத்துகிறது என்பதை அந்தச் சிறு படி இன்னும் முழுமையாகக் காட்ட இயலாது. அதுவரை விலங்கின் உதவி நமக்கு வேண்டியிருக்கிறது.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை ஆய்வுக்கூடங்களில் பணியாற்றுவீர்கள். அங்கே ஒரு கூண்டின் முன் நிற்கும்போது இரண்டு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு இந்த விலங்கு ஏற்ற சாட்சிதானா? இந்தச் சாட்சி இன்றி என்னால் உண்மையை அறிய முடியாதா? முதற்கேள்வியைக் கேளாதவன் 1966-இன் பிழையை மீண்டும் செய்வான். இரண்டாவதைக் கேளாதவன் ஒரு உயிரை வீணாக்குவான்.

அன்று கேள்வி கேட்ட சிறுமி இப்போது மேல்வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளுடைய பாட்டியார் ஒரு வாரம் யோசித்து, பிறகு தாமே நடந்து சென்று ஊசி போட்டுக்கொண்டார். இன்றும் சாமை புடைக்கிறார். அவர் உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்களுள், பெயரில்லாத இருபது குரங்குகளும், லண்டனில் தும்மிய ஒரு ஃபெரட்டும் உண்டு என்பதை அந்தப் பேத்திக்கு நான் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.